நெற்றியில் எழுதிய நேரம்

அசரியாவை முதல் இரண்டு வருஷம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதை மறைத்து இனிமேல் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தாம்பரத்தில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் நான் ரிக்கார்டு கிளார்க். தபீதாள் என்றால் டாக்டர்களே கொஞ்சம் பயப்படுவார்கள். நோயாளிகளின் அட்டைகளை வரிசையாக அடுக்கி வைப்பது என் வேலை. அடுக்கியதை எவனாவது வந்து கலைத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அசரியா வாரத்துக்கு நாலு நாள் வந்து கலைப்பான்.

அவன் ஆம்புலன்ஸ் வேனில் அட்டெண்டர். வேன் போகிற இடத்துக்குக் கூடவே போய், அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் தூக்கி, எங்கள் கேஷுவால்டி வாசலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வாசலோடு சரி. அட்டெண்டர்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அது வசதியாகவே இருந்தது. ஆளை ஒப்படைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவன் மட்டும் மறுநாள் காலையில் என் ஜன்னலில் தலையை நீட்டுவான்.

"அக்கா, நேத்து குரோம்பேட்டைலருந்து ஒரு தையக்காரர இட்டாந்தேனே, மாடு முட்டின கேசு. அவருக்கு இன்னா ஆச்சு?"

"உனக்கு எதுக்குப்பா அது? நீ என்ன டாக்டரா?"

"சும்மா தெரிஞ்சிக்கத்தான்."

சும்மாவாம்! அந்த அட்டையை நான் தேடி எடுத்து, டாக்டரின் கோழிக் கிறுக்கலைப் படித்துச் சொல்லும் வரை நகர மாட்டான். சொன்னதும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வான். அதில் நாலு கட்டம் கிழித்திருந்தான். தேதி, இடம், நான் என்ன செய்தேன், என்ன ஆச்சு. கடைசிக் கட்டத்துக்குத்தான் நான் வேண்டும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருவன் ஏன் இப்படி இருக்கிறான் என்று தோன்றிவிட்டால் விட மாட்டேன். அவனைப் பற்றி அங்கே இங்கே விசாரித்தேன். செம்பாக்கம் ஏரிக்குக் கீழே அவன் வீடு. அப்பா பல்லாவரம் மலையில் கல் உடைத்தவர். அசரியாவுக்குப் பத்து வயதில், வெடி வைத்த கல் உருண்டு அப்பா மேல் விழுந்தது. யாரோ லாரியில் போட்டு மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு நாலு நாள் வீட்டுக்கு ஒரு தகவலும் வரவில்லை. அம்மா ஞானம்மாள் தினமும் ரஸ்தாவுக்குப் போய் நின்று, போகிற வருகிற லாரிக்காரர்களையெல்லாம் "இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். அப்பா முதல் நாளே செத்துப்போயிருந்தார். இதைக் கேட்ட பிறகு ஜன்னலில் அவன் தலை தெரிந்தால் நான் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை, குறைத்துக்கொண்டேன்.

முதலில் அவன் எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். அறுபத்தைந்தில் பாகிஸ்தான் சண்டை வந்தபோது, குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று ஊரெல்லாம் முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், சனிக்கிழமை சாயங்காலங்களில். ரயில்வே கார்டு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். முக்கோணத் துணியால் எத்தனை விதக் கட்டு, எலும்பு முறிந்தால் பலகை வைப்பது எப்படி, மூச்சு நின்றால் என்ன செய்வது. பாதிப் பேர் பிஸ்கட்டுக்காகப் போனார்கள். அசரியா மூன்று மாதம் ஒரு நாள் தவறவில்லை. பரீட்சைக்கு மெட்ராஸிலிருந்து வந்த டாக்டர், "எழும்பூர் ஸ்டேஷனில் ஒருவர் மயங்கி விழுந்தார் என்று வைத்துக்கொள், முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்டிருக்கிறார். இவன் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு, "அப்புறம் அவருக்கு இன்னா ஆச்சு சார்?" என்றானாம். டாக்டர் சிரித்துச் சிரித்துப் பாஸ் போட்டுவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த நோட்டு வீண் போகவில்லை. தொடை எலும்பு முறிந்த மூன்று பேரை அவன் கொண்டுவந்திருந்தான். மூன்று பேருக்கும் வழியிலேயே எலும்பு இன்னும் விலகிவிட்டது என்று அட்டையில் இருந்தது. நான் படித்துக் காட்டியதும் அவன் முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் கழித்து, அக்குள் தொடங்கிக் கணுக்கால் வரை வருகிற நீளப் பலகை ஒன்றைத் தச்சனிடம் செய்துகொண்டு வந்தான். "நம்ம வண்டில இருந்தது குட்டைக்கா. அதான் ஆடிச்சு" என்றான். அதற்குப் பிறகு வந்த தொடைகள் விலகவில்லை. அப்போதிருந்து அவன் கேட்பதற்கு முன்பே அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்திருப்பேன். யாராவது பார்த்தால் தற்செயலாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வேன்.

என்னிடம் ஒரு காப்பியிங் பென்சில் இருந்தது. ஈரம் பட்டால் ஊதா மையாக எழுதுகிற பென்சில், சுலபத்தில் அழியாது. காலையில் வேனில் ஏறுமுன் அதை வாங்கிப் போவான், சாயங்காலம் திருப்பித் தருவான். அது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது.

கையிலோ காலிலோ பெரிய ரத்தக் குழாய் அறுந்தால், அதற்கு மேலே ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரத்தம் நின்றுவிடும். ஆனால் அந்தக் கட்டு நெடுநேரம் அப்படியே கிடந்தால், கீழே ரத்தம் போகாமல் கை செத்துவிடும். அதனால் எத்தனை மணிக்குக் கட்டினோம் என்பதை அடிபட்டவனின் நெற்றியில் எழுத வேண்டும். டாக்டர் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். அசரியா பென்சிலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி எழுதுவான். அப்படி எழுதிய நாளில் நாவல் பழம் தின்றவன் மாதிரி நாக்கு ஊதாவாக இருக்கும். "பல்லு வெளக்கிட்டு வாடா, பாக்க சகிக்கல" என்று விரட்டுவேன்.

எழுபத்தொன்றில், ஒரு வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் சேட்டு என்கிற இருபது வயசுக்காரன் வண்டியிலிருந்து கண்ணாடித் தகடு இறக்கும்போது தகடு உடைந்து வலது கையின் மேல்பக்கத்தை அறுத்துவிட்டது. யாரோ துண்டை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்கள். வேன் போனதும் அசரியா ரப்பர் பட்டையைக் கட்டினான். சேட்டுவின் தாய் எல்லம்மா அதே சந்தையில் கருவாடு விற்கிறவள். கூடையை அப்படியே போட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்ததால் கால் மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு தரம் பட்டையைத் தளர்த்தி மறுபடி கட்டினான், குளிர் கண்டுவிடாமல் கழுத்து வரை கம்பளி போர்த்தினான். இதெல்லாம் டிரைவர் சவுரிமுத்து சொல்லித் தெரிந்தது. அவர் கண் ரோட்டில் இருந்ததால் பின்னால் அசரியா நெற்றியில் எழுதினானா என்பதை அவர் பார்க்கவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பஸ் கவிழ்ந்துவிட்டது. கேஷுவால்டி சந்தை மாதிரி ஆகிவிட்டது. அசரியா வாசலில் இருந்த வார்டு ஆளிடம் ஸ்ட்ரெச்சரைக் கொடுத்து, "கையில கட்டு கீது, பாத்துக்கோ" என்று கத்தினான். அந்த ஆளின் காதில் விழுந்ததோ இல்லையோ. வேனை உடனே பஸ் கவிழ்ந்த இடத்துக்கு விரட்டினார்கள். தாய் என்பதால் எல்லம்மாவைப் பத்து நிமிஷம் உள்ளே விட்டு, பிறகு வெளியே அனுப்பினார்கள். கம்பளிக்குள் சேட்டு அமைதியாகக் கண்ணை மூடிக் கிடந்தான். ரத்தம் எங்கும் தெரியவில்லை. மண்டை பிளந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்கள், இவனுக்கு அவசரமில்லை என்று ஓரத்தில் விட்டுவிட்டார்கள். கம்பளியை விலக்கிப் பார்த்தபோது மணி நாலு. கை கறுத்துப்போயிருந்தது. அடுத்த வாரம் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை விசாரணை. சூப்பரிண்டெண்ட் டாக்டர் வேதசிரோமணி நடத்தினார், நான் டைப் அடித்தேன். பார்த்த டாக்டர், நர்ஸ் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நெற்றியில் பட்டையாகத் திருநீறு இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

டாக்டர் அசரியா பக்கம் திரும்பினார். "நேரம் எழுதினியா, இல்லையா?"

எழுதினேன் என்று சொல்லப்போகிறான் என்று நான் விரலைத் தயாராக வைத்திருந்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மறந்துட்டேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பென்சிலைத் திருப்பித் தர வந்தவனின் நாக்கை நான் பார்த்திருந்தேன். நல்ல ஊதா. பஸ்ஸில் அடிபட்டவர்களுக்கு எழுதியிருப்பானோ என்று, விசாரணை முடிந்ததும் அன்றைய அட்டைகள் முப்பத்தொன்றையும் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் கட்டுப் போட்டது ஒரே ஒரு ஆளுக்கு. சேட்டுவுக்கு மட்டும்தான். அப்படியென்றால் இவன் எழுதியிருக்கிறான். எழுதியவன் எதற்கு மறந்தேன் என்கிறான்?

அன்றைக்கு அவன் இன்னொன்றும் சொன்னான். "ஒரே ஒரு விண்ணப்பம் சார். இனிமே நெத்தில எழுத வேணாம். ரயில்ல பார்சலுக்குக் கட்டுவாங்களே அட்டை, அது மாதிரி செவப்பு அட்டைல எழுதி மணிக்கட்டுல கட்டிடலாம்." டாக்டர் அதற்குச் சம்மதித்தார். ஆனால் வேனிலிருந்து அவனை எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி கேட்டில் காவலுக்குப் போட்டார். நான் அவனை மடக்கினேன்.

"டேய், உன் நாக்க நான் பாத்தேன். பொய் சொன்னது எதுக்கு?"

"நாவப் பழம் துன்னேன்க்கா."

"பிப்ரவரி மாசத்துல நாவப் பழமா? எவகிட்ட கதை அளக்கற!"

சிரித்தான். அந்த நோட்டை என்னிடம் கொடுத்து, "வெச்சுக்கோங்க, இனிமே எனக்கு இதுல வேலையில்ல" என்றான். கடைசி வரியில் பல்லாவரம் சந்தை என்று இருந்தது. மூன்றாவது கட்டத்தில் 'கட்டு' என்பதற்குப் பக்கத்தில் ஏதோ எழுதி, படிக்க முடியாதபடி அடித்திருந்தான். நாலாவது கட்டம் காலி.

கேட்டில் அவன் பட்டது கொஞ்சமல்ல. கையை எடுத்த பிறகு சேட்டுவைக் கட்டு மாற்ற வாரம் இரண்டு முறை எல்லம்மா கூட்டி வருவாள். கேட்டைத் திறக்கிறவனைப் பார்த்ததும் அவளுக்கு ஆவேசம் வந்துவிடும்.

"பாவி! நாலு எழுத்து எழுத உனக்கு கை வரலியா? எம்புள்ள சோறு துன்ற கைய வாங்கினியேடா! நீ நல்லா இருப்பியா?"

ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். சேட்டு, "வாம்மா, விடும்மா" என்று இழுப்பான். அசரியா கேட்டை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பின்னாலேயே ஓடினேன், "அம்மா, அவன் எழுதினான், என் கண்ணால அவன் நாக்க பாத்தேன்" என்று சொல்லிவிடுவதற்கு. அசரியா என் முன்னால் வந்து நின்றான். அவ்வளவு வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் என்னை முறைத்தான்.

"அக்கா, ஒங்க வேலைய பாருங்க."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. என்னிடமா இந்தப் பேச்சு! ஆனால் கோபத்தை விட ஆர்வம் பெரிதாக இருந்தது. ஒரு வேளை எழுதிவிட்டு, நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டானோ? வார்டு ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறானோ? ராத்திரி படுத்தால் இதுதான் ஓடும். ஆளோ இளைத்துக்கொண்டே போனான். ஞானம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சோத்துல கை வெச்சா அப்படியே ஒக்காந்துகினு கீறான். கேட்டா ஒண்ணுமில்லன்றான்." ஆம்புலன்ஸ் வேனில் போகிறவர்கள் தினம் தினம் பார்ப்பது ரத்தமும் அலறலும். அடிபட்டவனுக்கு வார்டு உண்டு, டாக்டர் உண்டு. தூக்கி வருகிறவனை உட்கார வைத்து ஒரு வார்த்தை விசாரிக்க எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலி கூட இல்லை. ஊரில் எல்லாருக்கும் என்ன ஆச்சு என்று கேட்டவனிடம், உனக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலக்கா" என்றபடி கேட்டின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

இப்படியே ஐந்து வருஷம் போயிற்று. எழுபத்தாறு ஆகஸ்டில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். ஒற்றைக் கையோடு சேட்டு சைக்கிள் ரிக்ஷாவிலிருந்து குதித்து ஓடி வந்தான். எல்லம்மாவுக்கு மார்வலி, வியர்த்துக் கொட்டுகிறது, வேன் வேண்டும். வேன் இருந்தது, சவுரிமுத்து இருந்தார், அட்டெண்டர் லீவு. தனியாகப் போக மாட்டேன் என்று சவுரிமுத்து கையை விரித்தார். அவர் சொல்வதும் நியாயம்தான், ஓட்டிக்கொண்டே ஆளைப் பார்க்க முடியாது. நான் வராந்தாவிலிருந்து கத்தினேன்.

"கேட்ல நிக்கறானே, அவன் என்ன மரமா? அசரியா! ஏறு வண்டில!"

"அக்கா, அந்தம்மா என்னைப் பாத்தா..."

"அந்தம்மாவுக்கு மூச்சே இல்ல, திட்டறதுக்கு எங்க போவா? ஏறுடா!"

சட்டம் என்னவானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனைத் தள்ளாத குறையாக ஏற்றினேன். கேட்டை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரத்தில் வேன் திரும்பியது. எல்லம்மாவைப் படுக்கவிடாமல் சாய்த்து உட்காரவைத்திருந்தான். மணிக்கட்டில் சிவப்பு அட்டை, நெற்றியில் புதிதாகத் திருநீறு. வாசலில் வார்டு ஆள் கை நீட்டினான். அசரியா கொடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போனான். டாக்டர் அட்டையைக் கையில் எடுத்து வாய்விட்டுப் படிக்கும் வரை அங்கேயே நின்றான். யாரும் அவனை வெளியே போகச் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை.

அரைமணி கழித்து, சேர்க்கைச் சீட்டில் கையெழுத்துப் போட சேட்டு என் அறைக்கு வந்தான். இடது கையால் நிதானமாகப் போட்டான். போட்டுவிட்டு நகராமல் நின்றான்.

"அக்கா, அந்த அண்ணன் கேட்டுல எதுக்கு நிக்கறாரு? என்னாலதான?"

"பின்ன? நேரம் எழுத மறந்தேன்னு அவனே ஒத்துக்கிட்டான்."

"அவர் எழுதினாரு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"எனக்கு அப்ப நெனவு இருந்திச்சுக்கா. பென்சில் நெத்தில குத்திச்சு. பதினொண்ணு இருவதுன்னு சொல்லிகினே எழுதினாரு. எங்கம்மா என் கால்மாட்டுல தல கவுந்து அழுதுகினு இருந்திச்சு, அத பாக்கல. உள்ள வந்தப்புறம் எங்கம்மா மூஞ்சியெல்லாம் ரத்தமாக் கீதுன்னு முந்தானைய தண்ணில நனைச்சு அழுத்தித் தொடைச்சிச்சு. குன்றத்தூர் திருநீறு எப்பவும் முந்தானைல முடிஞ்சு வெச்சிருக்கும். அத எடுத்து நெத்தி பூரா பூசி உட்டுது. முருகா, எம்புள்ளைய காப்பாத்துன்னு. அதுக்கப்புறம் எனக்கு நெனவு இல்ல."

"அத ஏண்டா நீ அன்னிக்கே சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? அந்தக் கை போனது அது கையாலன்னு தெரிஞ்சா எங்கம்மா உசிரோட இருக்குமா? அந்த அண்ணன் மறந்துட்டேன்னு சொன்னதா கேள்விப்பட்டதும் எனக்கு ஒண்ணும் புரியல. பயத்துல ஒளர்றாருன்னு நெனச்சேன். எங்கம்மா திட்டும்போதெல்லாம் பூமிக்குள்ள பூந்துடலாம் போல இருக்கும். ஆனா வாய் தொறக்கல. இன்னிக்குத்தான் தெரிஞ்சிது, அவருக்கும் தெரியும்னு."

"எப்படி?"

"வண்டில எங்கம்மா திருநீறு எடுக்கப் பாத்துது, கை வரல. அவர் எடுத்தாரு. அவுங்க சாமி வேற இல்லியா, ஆனாலும் எடுத்து அது நெத்தில பூசினாரு. பூசிட்டு அந்த முந்தானை நுனியையே பாத்தாருக்கா. ஒடனே என்னைப் பாத்தாரு. நானும் பாத்தேன். பார்வையிலயே புரிஞ்சிபோச்சு."

தபீதாள் அழுதாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆனால் அன்றைக்கு அழுதேன். நோட்டை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அவன் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான்.

"அக்கா, அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

"பொழைச்சுப்பா. நீ உக்காரு. உன் நாக்கு கதையெல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. சேட்டு சொல்லிட்டான்."

அவன் உட்கார்ந்தான். சேட்டு சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மறுநா வார்டு வராந்தால அந்தம்மாவ பாத்தேன்க்கா. எப்பவும் போல இன்னா ஆச்சுன்னு கேக்கப் போனேன். முந்தானை நுனில ஊதாவா கறை. நெத்திய தொடைச்சது அந்தம்மாதான்னு புரிஞ்சிடுச்சு. விசாரணைல எழுதினேன்னு சொன்னா, அப்ப யாரு அழிச்சான்னு கேப்பாங்க. அந்தம்மாவ கூப்டு வெச்சு கேப்பாங்க. அதுக்கு நான் மறந்தவனாவே இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன். ஆனா ஒண்ணுக்கா. மறந்துட்டேன் மறந்துட்டேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பாத்தது ஊதாவா, வேற ஏதாச்சும் கறையா? நெஜமாவே நான் எழுதினேனா? அஞ்சு வருஷமா அதுதான் என்னைத் தின்னுகினு இருந்திச்சு. எழுதினேன் இல்ல?"

"பென்சில் குத்திச்சாம். பதினொண்ணு இருவது."

"குத்திச்சாமா?" என்றான். முகத்தைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் கேட்டைச் சாத்திவிட்டு, உள்ளே வர வேண்டியவர்களையெல்லாம் கொஞ்ச நேரம் நிற்க வைத்தேன். ஒரு வக்கீல் முணுமுணுத்தார். வாயை மூடிக்கொண்டு நில்லுங்க என்றேன்.

டாக்டர் வேதசிரோமணியிடம் உண்மையைச் சொல்ல அவன் கடைசி வரை விடவில்லை. டாக்டர் வாய் தாங்காது, எல்லம்மா காதுக்குப் போய்விடும் என்றான். அதனால் நான் வேறு வழியில் போனேன். மார்வலிக்காரியைச் சரியாக உட்காரவைத்துக் கொண்டுவந்தவன் கேட்டில் நிற்கிறான், வேனில் போகிறவனுக்குப் பலகை கட்டத் தெரியவில்லை என்று தினம் காலையில் அவர் அறைக்குப் போய்ப் புலம்பினேன். ஒன்பதாவது நாள், என் தொல்லை தாங்காமலே, அவனை மறுபடி வேனில் போடும் உத்தரவில் அவர் கையெழுத்துப் போட்டார். எல்லம்மா அடுத்த நாலு வருஷம் உயிரோடு இருந்தாள். அவனைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டாள், ஆனால் மன்னிக்கவில்லை. எங்கள் மூன்று பேரில் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அன்றைக்குக் கேட்டில் அழுது முடித்த பிறகு, அவன் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான். கை நீட்டினான். கடைசி வரிக்குத் திருப்பி, காலியாக இருந்த நாலாவது கட்டத்தில் விரலை வைத்தான்.

"அக்கா, சேட்டு அந்தச் சீட்டுல கையெழுத்து போட்டானா?"

"போட்டான்."

"இடது கையாலயா? நல்லா வருதா?"

பென்சிலைக் கேட்டான். கொடுத்தேன். நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஐந்து வருஷம் காலியாகக் கிடந்த கட்டத்தில் எழுதினான். "இடது கையால் போடுகிறான். என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறதாம்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவனாக எழுதிக்கொண்டான்.